பிடித்த லென்ஸ் எது? முதலில் சமையலறையை அளந்து பாருங்கள்!

"அண்ணா, கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் இருக்கிறது. அடுத்து ஒரு பிரைம் லென்ஸ் வாங்க ஆசை. 24-ஆ, 35-ஆ, 50-ஆ?"

புகைப்படத்தைப் பொழுதுபோக்காகக் கொண்ட மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணம் அது. ஒரு லென்ஸ் வாங்கினால் அடுத்ததற்கு ஓராண்டாவது காத்திருக்க வேண்டும். அதனால் நானும் விளையாட்டாகப் பதில் சொல்வதில்லை.

பிரைம் லென்ஸ் என்பது குவியத் தூரம் மாறாத லென்ஸ். அதில் சூம் கிடையாது. காட்சி பெரிதாக வேண்டுமா? நீங்கள்தான் முன்னே நடக்க வேண்டும். இந்தக் குறைக்கு ஈடாகக் கிடைப்பது வெளிச்சம். 18-55 லென்ஸை 35-இல் வைத்தால் அதன் துளை பொதுவாக எஃப் 4.5 அளவுக்கே திறக்கும். 35 மி.மீ. பிரைம் எஃப் 1.8 வரை திறக்கும். 4.5-ஐ 1.8-ஆல் வகுத்து, விடையை வர்க்கம் ஆக்குங்கள். 6.25 வரும். ஆறு மடங்குக்கும் அதிகமான வெளிச்சம்! விநாடியில் 20-இல் ஒரு பங்கு நேரத்தில் கை நடுங்கி மங்கிப்போகும் படத்தை, 125-இல் ஒரு பங்கு நேரத்தில் தெளிவாக எடுத்துவிடலாம்.

சரி, எந்த எண்? இதற்கும் ஒரு கணக்கு உண்டு. கணிதப் பாடத்தில் படித்த வடிவொத்த முக்கோணங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

படத்தில் அடங்கும் அகலம் = நிற்கும் தூரம் × சென்சார் அகலம் ÷ குவியத் தூரம்.

தொடக்கநிலை நிக்கான், கெனான் கேமராக்களில் சென்சாரின் அகலம் சுமார் 23 மி.மீ. பத்தடி தள்ளி நின்றால், 24 மி.மீ. லென்ஸில் ஒன்பதரை அடி அகலம் அடங்கும். 35-இல் ஆறரை அடி. 50-இல் நாலரை அடிதான்.

இப்போது உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய் நில்லுங்கள். சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போனாலும் எத்தனை அடி கிடைக்கிறது? நான் இருப்பது அம்பாங் பெச்சாவில். 1883-இல் அணை உடைந்து வெள்ளம் புகுந்த பழைய கோலகுபு நகரம் இருந்த இடம். அணை உடைந்ததையே ஊர்ப்பெயராகச் சுமக்கும் ஊர். இங்கே என் கேமரா அதிகம் பார்ப்பது மலையையோ ஆற்றையோ அல்ல. சமையலறை, கோயில் மண்டபம், ஒட்டுக்கடை மேசை, ஐந்தடி வாசல், இவற்றைத்தான். எல்லாம் ஆறு முதல் பத்தடிக்குள் முடிந்துவிடும். அதனால்தான் என் விருப்பம் 35 மி.மீ.

பாட்டி உயிரோடு இருந்தபோது அவர் அடுப்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பதைப் படம் எடுத்தேன். இருந்தது ஒரே ஒரு குழல்விளக்கு. பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன விரல்கள். 50-ஐப் போட்டிருந்தால் பாட்டி மட்டும் இருந்திருப்பார். அடுப்பும் பித்தளைக் குடமும் வெளியே போயிருக்கும். 24-ஐப் போட்டிருந்தால் அறை முழுவதும் விழுந்து, பாட்டி ஓர் ஓரத்தில் சிறுத்துப்போயிருப்பார். 35-இல் அவரும் இருந்தார், அவருடைய உலகமும் இருந்தது. இன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

ஒரே லென்ஸ் போதுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்வேன். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரேசோன் (1908-2004) தம் லைக்கா கேமராவில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தியவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் படம் பிடித்தவரும் அவரே. லைக்காவின் ஃபிலிம் நம் சென்சாரைவிட ஒன்றரை மடங்கு அகலம். ஆகவே அவருடைய 50-இன் பார்வை, நம் கேமராவில் ஏறத்தாழ 35-இல் கிடைத்துவிடுகிறது! இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா (1913-2012) பயன்படுத்திய கேமராக்களில் ஒன்று ரோலிஃபிளெக்ஸ். அதன் லென்ஸைக் கழற்றி மாற்றவே முடியாது.

ஆனால், என் விருப்பம் உங்கள் விருப்பமாக இருக்க வேண்டியதில்லை. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் பறவைகளைத் தேடுகிறவருக்கு 35 உதவாது. அவருக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். திடலில் நின்று நண்பர்களின் முகங்களை மட்டும் எடுப்பவருக்கு 50 அழகு. திருமண வீட்டில் குடும்பத்தையே ஒரு படத்தில் அடக்க நினைப்பவருக்கு 24 நல்லது.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு காசும் வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் அது எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் கேமராவே பதிந்து வைத்திருக்கும். கணினியில் கடைசி நூறு படங்களின் விவரங்களைத் திறந்து, எந்த எண்ணைச் சுற்றி அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு சூம் வளையத்தை அந்த எண்ணில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, ஒரு வாரம் அப்படியே எடுத்துப் பாருங்கள். கை அரிக்கவில்லை என்றால் அதுவே உங்கள் லென்ஸ்.

பழைய லென்ஸ் வாங்கினால் சில நூறு ரிங்கிட்டில் முடிக்கலாம். ஆனால் இரண்டைக் கவனியுங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படரும். கைப்பேசி விளக்கை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் வேண்டாம். வாங்கிய பிறகும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அடுத்து, நிக்கானின் பழைய 50 மி.மீ. 'டி' வகை லென்ஸில் மோட்டார் இல்லை. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அது தானாகக் குவியாது. உங்கள் கேமராவில் மாட்டிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

இவ்வளவு கணக்கு எதற்கு? ஒரு பழைய செய்தியைச் சொல்கிறேன். நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் உருவானது. பெயரே தமிழ்! அதை நட்ட முதலாளி ஹென்றி ஃபோக்கொன்னியே என்பது ஏடுகளில் இருக்கிறது. அவர் நாவலாசிரியரும்கூட, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவர். அந்த மண்ணில் குழி தோண்டிக் கன்று வைத்தவர்களின் முகங்களை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? உங்கள் கொள்ளுத்தாத்தாவின் படம் வீட்டில் இருக்கிறதா? இருந்தால், அடையாளக் கார்டுக்கு எடுத்த படத்தைத் தவிர வேறு உண்டா?

லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. அங்கே வாழ்ந்தவர்கள் இன்று நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் இடையில் இருப்பது பத்தடி தூரம்தான். மலைக்காட்சி அடுத்த ஆண்டும் இருக்கும்.

எனவே மாணவர்களே, லென்ஸ் வாங்கும்வரை காத்திருக்காதீர்கள். இந்தச் சனிக்கிழமை 18-55-ஐ 35-இல் ஒட்டிவிட்டு, வீட்டுப் பெரியவரைச் சன்னல் ஓரம் உட்காரவைத்துப் பத்துப் படம் எடுங்கள். நல்லதாக ஒன்றை அச்சிட்டு, பின்பக்கத்தில் அவர் பெயரையும் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.