காவலருக்கு முன்னே பறக்கும் கண்

ஒருவன் காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, "இங்கே ஒருவன் துப்பாக்கியோடு நிற்கிறான்" என்று பதறுகிறான் எனக் கொள்வோம். அவன் கண்டது துப்பாக்கிதானா? அஞ்சியவன் கண்ணுக்குக் கையிலுள்ள எதுவும் துப்பாக்கியாகத் தோன்றக்கூடும். ஆயினும் அச்சொல்லை நம்பித்தான் போலீஸார் புறப்பட வேண்டியிருக்கிறது. அழைப்புக்கும் வருகைக்கும் இடைப்பட்ட அச்சில நிமிடங்களில் அங்கே நடப்பது என்ன என்பதை அவர்கள் அறியார். இவ்விடைவெளியை நிரப்பவே, டிரோன் எனப்படும் ஆளில்லா விமானத்தைக் காவலருக்கு முன்னே அனுப்பும் முறை தோன்றிற்று.

இதில் முன்னோடியாக விளங்குவது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சூலா விஸ்டா நகரம். மெக்சிகோ எல்லையை அடுத்துள்ள அவ்வூரின் மக்கள் தொகை சுமார் 2,75,000. அங்கே 2018 அக்டோபரில் இம்முறை தொடங்கிற்று. 911 என்னும் அவசர எண்ணுக்கு அழைப்பு வந்ததும் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து டிரோன் கிளம்பும். ஓட்டுபவர் நிலையத்தின் அறையிலே அமர்ந்திருப்பார். டிரோன் அனுப்பும் படம், காரில் விரைந்துகொண்டிருக்கும் காவலரின் கைத்தொலைபேசியிலும் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு அப்பால் டிரோனைச் செலுத்தலாகாது என்பது அந்நாட்டு வான்போக்குவரத்து விதி. அதற்குச் சிறப்பு விலக்குப் பெற்று, ஏவுமிடங்களைப் பெருக்கி, திட்டத்தைப் படிப்படியாக விரித்தனர்.

பயன் இல்லாமல் இல்லை. துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட ஒருவரை மேலிருந்து பார்த்தபோது, அவர் அப்பொருளாலேயே சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார். அது வெறும் லைட்டர்! செய்தி முன்கூட்டியே போனதால் காவலர் பதற்றமின்றி அவரை அணுகினர். ரோந்துக் காரே அனுப்ப வேண்டாதபடி முடிந்த அழைப்புகளும் ஆயிரக்கணக்கில் உண்டு என்பது அந்நகரக் காவல் துறையின் கணக்கு.

ஆயின் ஏவுமிடத்துக்கும் சம்பவ இடத்துக்கும் நடுவே எத்தனையோ வீடுகளின் கூரையும் கொல்லையும் இருக்கின்றன. 'வயர்டு' என்னும் ஏடு ஏறத்தாழ 10,000 பயணங்களின் பதிவை ஆராய்ந்து, ஏழை மக்கள் வாழும் பகுதிகளின் மேலேயே டிரோன்கள் மிகுதியாகப் பறக்கின்றன என 2024-இல் எழுதிற்று. அழைப்பு வரும் இடத்துக்கே டிரோன் போகிறது, வழியில் ஒளிப்படக் கருவியைத் தொடுவானத்தை நோக்கியே வைக்கிறோம் என்பது போலீஸார் தரப்பு. இவ்விடையில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொல்லையில் துணி காயப்போடும் பெண்ணுக்கு அக்கருவி எங்கே நோக்குகிறது என்பது எப்படித் தெரியும்? கல்வி அதிகாரி வகுப்பின் வாசலில் வந்து நின்றால், அவர் எந்த மாணவனைப் பார்க்கிறார் என்று தெரியாமல் நாற்பது பிள்ளைகளும் விறைத்து உட்காருவார்கள். ஆசிரியர்கள் இதை நன்கறிவர்.

எடுத்த படம் யாருக்கு உரியது என்பது அடுத்த கேள்வி. 2021-ஆம் ஆண்டின் ஒரு மாதப் படங்களை ஒரு செய்தித்தாளின் வெளியீட்டாளர் கேட்டார். அனைத்தும் புலனாய்வு ஆவணங்கள் எனக் கூறி நகராட்சி மறுத்தது. முகங்களை மறைத்துத் தருவதற்கு ஆளும் நேரமும் மிகுதியாகச் செலவாகும் என்றும் வாதிட்டது. கீழ் நீதிமன்றம் நகராட்சியின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ 2023 டிசம்பரில் வேறு விதமாகக் கூறிற்று. குற்றப் புலனாய்வுக் கோப்பில் சேர்ந்த படங்களையும், குற்றம் நடக்கிறதா என்று ஆராய எடுத்த படங்களையும் மறைக்கலாம். ஆனால் குடியிருப்பில் மலைச்சிங்கம் நடமாடுகிறது, தண்ணீர்க் குழாய் கசிகிறது, நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டது என்பன போன்ற அழைப்புகளுக்காகப் பறந்தபோது எடுத்தவை புலனாய்வு ஆகா. ஆகவே எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி மறுத்தல் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். 2024-இல் மாநில உச்ச நீதிமன்றமும் இதில் தலையிட மறுத்தது. இவ்வழக்கில் மிக நுட்பமான பகுதி இப்பாகுபாடே என்பது என் கருத்து.

இன்று வேறு பல நகரங்களும் இவ்வழியில் இறங்கிவிட்டன. நியூயார்க் காவல் துறை 2024-இல் இத்தகைய திட்டத்தை அறிவித்தது. கூரைமேல் ஆள் நிற்கத் தேவையில்லாமல், தானே திறந்து டிரோனை அனுப்பி, திரும்பியதும் மின்னூட்டும் பெட்டிகளும் வந்துவிட்டன. ஆள் குறையக் குறையப் பயணங்கள் பெருகும். படங்களும் பெருகும். அவற்றைப் பிரித்துப் பார்க்கும் வேலை பின்னும் வளரும்.

சூலா விஸ்டா நகரம் ஒவ்வொரு பயணத்தின் நாளையும் காரணத்தையும் பறந்த பாதையையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்டு வருகிறது. டிரோனை வாங்கும் நகரங்கள் இவ்வழக்கத்தையும் சேர்த்தே கைக்கொள்ள வேண்டும். ஆனாலும் அப்பட்டியல் பாதையைத்தான் காட்டும். அப்பாதையில் எடுத்த படத்தைக் காட்டாது.