சாலை போகாத கடற்கரைக்கு ஒரு நடை

பினாங்குத் தீவின் வடகரையை ஒட்டி ஓடும் 101ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள். பத்து பெரிங்கியின் தங்குவிடுதிகளை எல்லாம் கடந்து, தெலுக் பஹாங்கில் கொண்டுபோய் விடும். அங்கே சாலை கடலை விட்டு விலகித் தீவின் உட்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. தீவின் வடமேற்கு மூலைக்கு அதற்குமேல் இரண்டே வழிகள்தாம்: ஒன்று நடை, இன்னொன்று படகு. அந்த மூலைதான் பினாங்கு தேசியப் பூங்கா.

முன்பு பந்தாய் ஆச்சே வனக் காப்பகமாக இருந்த பகுதி இது. 2003 ஏப்ரலில், 1980ஆம் ஆண்டு தேசியப் பூங்காச் சட்டத்தின்கீழ் தேசியப் பூங்காவாக அரசிதழில் வெளியிடப்பட்டது. அந்தச் சட்டத்தின்கீழ் முதலில் அறிவிக்கப்பட்ட பூங்காவும் இதுதான். மொத்தப் பரப்பு 2,562 ஹெக்டர். அதில் நிலம் 1,181 ஹெக்டர். மீதி 1,381 ஹெக்டர் கடல்! நிலத்தைவிடக் கடல் அதிகமாக இருக்கும் பூங்கா. மாணவர்களே, இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. 'நான் மேற்கொண்ட இயற்கைச் சுற்றுலா' என்று தலைப்புக் கொடுத்தால் வரும் கட்டுரைகளில் பாதிக்குமேல் ஒரே காடுதான். பறவைகள் கீச்சிடும், தென்றல் தவழும், இயற்கை அன்னை பச்சைப் பட்டு உடுத்தியிருப்பாள். எந்த ஊர்க் காடு, எந்த மரம், பாதை ஏன் அப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இருக்காது. குறை மாணவர்களிடம் மட்டும் இல்லை. நாமும் அவர்களை அழைத்துப் போவதில்லை. போனாலும் 'ஏன்' என்று கேட்க வைப்பதில்லை. ஆகவே நடந்துகொண்டே சில ஏன்களைப் பார்ப்போம்.

நுழைவாயில் அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டு நடந்தால் முதலில் கடலோரப் பாதை. சற்று தூரத்திலேயே அது இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் கரையை ஒட்டியே போய், அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் இருக்கும் தெலுக் ஆலிங்கைத் தாண்டி, தெலுக் டுயோங் கடற்கரையை அடையும். அங்கிருந்து செங்குத்தாக ஏறினால் மூக்கா முனையில் 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம். இடப்பக்கம் மலையின் முதுகில் ஏறி மறுபுறம் பந்தாய் கெராச்சுட்டில் இறங்கும். முதல் முறை போகிறவர்கள் இடப்பக்கமே போகட்டும் என்பேன். மூச்சு வாங்கும், ஆனால் பார்க்க வேண்டியவை அந்தப் பக்கம் அதிகம்.

கரையோரப் பாறைகளைக் கவனியுங்கள். யானை படுத்திருப்பதுபோல் உருண்டையாக இருக்கும். எல்லாம் கருங்கல். இவற்றை அலை மட்டும் உருட்டவில்லை. கருங்கல்லில் இயல்பாகவே விரிசல்கள் உண்டு. மழைநீர் அவற்றின் வழியே இறங்கிக் கல்லை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. முனைகளில் இரண்டு மூன்று பக்கங்களிலிருந்தும் நீர் தாக்குவதால் அவை முதலில் தேய்கின்றன. சதுரக் கட்டியாக இருந்த கல் உருண்டையாகிவிடுகிறது. சோப்புக் கட்டி தேய்வதைப் போலத்தான். சிதைந்த கல்தான் காலடியில் இருக்கும் அந்தச் சொரசொரப்பான மணல்மண். ஆழம் குறைவு, பிடிப்பும் குறைவு. அதனால் மரங்களின் வேர்கள் கீழே போகாமல் பக்கவாட்டில் பரவுகின்றன. மலையேற்றத்தில் நாம் படிக்கட்டாக மிதித்து ஏறுவது அந்த வேர்களைத்தான். குறுக்குவழி என்று பாதையை விட்டு இறங்கினால் மண் இளகும். அடுத்த மழையில் அது கடலுக்குப் போய்விடும். பாதையை விட்டு விலகாதே என்ற அறிவிப்புப் பலகைக்கு இதுதான் பொருள். பாம்பு பயம் அதற்கு அடுத்ததுதான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் முறை நான்காம் படிவ மாணவர்களை அழைத்துப் போனபோது ஆளுக்கு ஒரு சிறு போத்தல் தண்ணீர் போதும் என்று நினைத்துவிட்டேன். முழுக்க நிழல்தானே, வெயிலே இல்லையே! பாதி ஏற்றத்தில் ஒரு மாணவி பேசுவதை நிறுத்தினாள். பிறகு உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணுமில்ல டீச்சர், லேசா தலை சுத்துது" என்றாள். மற்றவர்களின் போத்தல்களில் இருந்ததைச் சேர்த்துக் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார வைத்து, படகில் திருப்பி அனுப்பினோம். நல்லபடியாக முடிந்தது. தவறு முழுக்க என்னுடையது. மழைக்காட்டுக்குள் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. மரங்கள் காற்றோட்டத்தையும் தடுக்கின்றன. வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழிகிறது. ஆவியானால்தானே உடல் குளிரும்? நிழலில் நடக்கிறோம் என்ற எண்ணத்தில் தாகமும் தெரிவதில்லை. இப்போதெல்லாம் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் இல்லாமல் நுழைவாயிலைத் தாண்ட விடுவதில்லை. குழுவில் யாராவது திடீரென்று அமைதியாகிவிட்டால் உடனே நின்றுவிடுங்கள்.

மலை இறங்கியதும் கெராச்சுட்டுக்குச் சற்று முன்னால் ஒரு ஏரி. மெரோமிக்டிக் ஏரி என்பார்கள். நாம் கலவாநீர் ஏரி என்று சொல்லலாம். மலையோடைகளின் நன்னீர் மேலே, கடலிலிருந்து புகுந்த உப்புநீர் கீழே. இரண்டும் ஒரே குழியில் இருந்தும் கலப்பதில்லை. ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு லிட்டர் கடல்நீர் அதைவிடச் சுமார் 25 கிராம் கூடுதல். அந்த எடைதான் அதைக் கீழேயே வைத்திருக்கிறது. மேல்நீர் இறங்காததால் அதிலுள்ள உயிர்வளியும் அடிக்குப் போவதில்லை. வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புநீர் ஊற்றி நீல மை ஒரு சொட்டு விடுங்கள். அதன்மேல் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் வழியவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கோடு போட்டதுபோல் இரண்டு அடுக்குகள் நிற்கும். என் மாணவன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, "அப்ப கலக்கிவிட்டா முடிஞ்சுதா டீச்சர்?" என்று கேட்டான். முடிந்துதான் போகும். குவளையில் கலக்கிய பிறகு அவை தாமாகப் பிரியாது.

ஏரியைக் கடந்தால் வெண்மணல் கடற்கரை. குளிக்காதீர்கள். நீரோட்டம் வலுவானது, கொட்டும் ஜெல்லி மீன்களும் உண்டு. எச்சரிக்கைப் பலகையைச் சும்மா நடவில்லை. இந்தக் கரைக்கு உரியவர்கள் வேறு. மீன்வளத்துறையின் கடலாமைக் காப்பகம் இங்கே இருக்கிறது. ஆண்டின் நடுமாதங்களில் பேராமைகளும், செப்டம்பருக்குப் பிறகு சிற்றாமைகளும் முட்டையிட வருகின்றன. இந்தச் சிற்றாமையைத் தமிழக மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். அங்கே அது கரையேறும் காலத்தை வைத்து வந்த பெயர். இங்கே வரும் ஆமைக்கு வேறு நாட்காட்டி!

ஒரு கூட்டில் நூறு முட்டை வரை இருக்கும். அவற்றை எடுத்து வேலியிட்ட இடத்தில் மீண்டும் புதைக்கிறார்கள். பொரிக்க ஏறக்குறைய இரண்டு மாதம். மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. 29 பாகை செல்சியசை ஒட்டி எல்லை. அதற்குக் கீழே போனால் ஆண் மிகும், மேலே போனால் பெண் மிகும். கரையோர மரத்தை வெட்டி நிழலைக் குறைத்தால் என்ன ஆகும் என்று மாணவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று வெளிச்சம். இரவில் மணலைக் கிளறி வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான பக்கம் கடல் என்று நம்பி ஓடும். இருண்ட கரையில் கடல்வெளிதான் வெளிச்சமானது; கரையில் விளக்குகள் இருந்தால் அது தரைப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். காலையில் நாம் பேருந்திலிருந்து பார்த்த விடுதி வரிசையை நினைத்துப் பாருங்கள். சாலை வந்தால் விளக்கும் கூடவே வரும். வேர்ப்படிகளில் ஏறும்போது, "படகுலேயே வந்திருக்கலாம்லா டீச்சர்" என்று முணுமுணுத்தவர்களுக்கு இந்த மணலில் நின்றுதான் பதில் சொல்வேன். நாம் பட்ட சிரமம்தான் இந்தக் கரையின் வேலி. பூங்காவில் கடலைச் சேர்த்து எல்லை போட்டதற்கும் காரணம் இங்கே விளங்கும்: ஆமை கரையில் இருப்பது சில மணி நேரம், மற்ற வாழ்நாள் எல்லாம் நீரில்.

திரும்பும்போது களைத்தவர்கள் படகில் போகலாம். விலையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நீண்டவால் குரங்குகள் நெகிழிப் பையைக் கண்டால் உணவு என்று பாய்ந்து பிடுங்கும், ஆகவே எல்லாமே முதுகுப் பைக்குள். பெருமழைக்குப் பிறகு மரம் விழுந்தோ மண் சரிந்தோ சில பாதைகளை மூடிவிடுவார்கள். புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மழை குறைந்த மாதங்களில் போனால் ஏரி வற்றி வெறும் சேறாக இருக்கும். அதையும் மாணவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டு, "ஏரி எங்க டீச்சர்?" என்று உங்களைத்தான் கேட்பார்கள்.