சிறிய பிரதியை அனுப்புவோம், மூலத்தைக் காப்போம்

சோளச் செய்கையை அழிக்கும் படைப்புழு 2018இல் இலங்கையில் கண்டறியப்பட்டது. அதை இனங்காணும் முறையை மூன்று நிமிட வீடியோவாக எடுத்து, சிதறி வாழும் எமது விவசாயக் குடும்பங்களுக்கு அனுப்புவது நல்ல முயற்சி. ஆனால் அதைப் பெறுவதிலேயே ஒருவருடைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டால் பயன் என்ன?

வீடியோப் படம் சிறு புள்ளிகளால் ஆனது. '1080' என்ற அளவில் ஒரு படத்தில் 1920 × 1080, அதாவது 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு. '480' என்ற அளவில் (854 × 480) அவை ஏறக்குறைய 4 இலட்சம். ஐந்தில் ஒரு பங்கு. கைத்தொலைபேசியின் சிறிய திரையில் இந்த வேறுபாடு அதிகம் தெரிவதில்லை.

கோப்பின் பருமனைத் தீர்மானிப்பது, ஒரு செக்கனுக்குச் செலவாகும் மெகாபிற் அளவே. அதைச் செக்கன்களால் பெருக்கி 8ஆல் வகுத்தால் மெகாபைற் கிடைக்கும். செக்கனுக்கு 16 மெகாபிற் வீதம் எடுத்த மூன்று நிமிட வீடியோ 360 மெகாபைற். புள்ளிகளைக் குறைத்து, 1 மெகாபிற் வீதம் மாற்றினால் அது 22.5 மெகாபைற் மட்டுமே.

செய்யவேண்டியவை

1. கணினியில் 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் வீடியோவைத் திறந்து, 480 அளவைத் தெரிவுசெய்து, புதிய பெயரில் சேமிக்கவும்.

2. ஒலியைக் குறைக்க வேண்டாம். அது பிடிக்கும் இடம் சிறிது. விளக்கமோ அதில்தான் இருக்கிறது.

3. கமராவை அசைக்காமல் பிடிக்கவும். ஆட்டம் கூடினால் சிறிய கோப்பில் படம் கலங்கும்.

4. நுணுக்கமானவற்றை மிக அருகில் எடுக்கவும். படைப்புழுவின் தலையில் ஆங்கில 'வை' எழுத்தைத் தலைகீழாக எழுதியது போன்ற கோடு உண்டு. தூரத்தில் எடுத்துச் சிறிதாக்கினால் அந்தக் கோடு மறைந்துவிடும். புழுவை அடையாளம் காண முடியாது.

மறக்கக்கூடாதது

குறைத்த புள்ளிகள் திரும்பி வரா. சிறிய பிரதியை மீண்டும் பெரிதாக்கினாலும் இழந்த விபரம் கிடைக்காது. சிறிதாக்கியதையே திரும்பத் திரும்பச் சிறிதாக்கினால் படம் மேலும் கெடும்.

விட்டுவந்த காணியின் எல்லைக்கல், கிணறு, வேலி, பயன்மரங்கள் ஆகியவற்றை எடுத்த வீடியோ எம்மிடம் இருக்கலாம். வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அதன் சிறிய பிரதியை அனுப்புவோம். மூலத்தை அழிக்காமல் இரண்டு மெமரி கார்ட்டுகளில் பதிந்து, இரண்டு வீடுகளில் வைப்போம். காணி உறுதியை வீடியோவாக அன்றி, ஒவ்வொரு பக்கமாக எழுத்துத் தெளியப் புகைப்படம் எடுப்போம்.

இடம் போதவில்லை என்று மூலத்தை அழிக்குமுன் ஒருமுறை யோசிப்போம். அந்த எல்லைக்கல்லை நாளை நாம் மீண்டும் படமெடுக்க முடியாமற் போகலாம்.