காயம் கட்டும் கைகளுக்குக் காவல் யார்?

இரவு ஒன்பது மணியிருக்கும். மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட இளைஞன் ஒருவனை உறவினரும் நண்பருமாக ஏறக்குறைய இருபது பேர் அந்தக் கிராமத்து வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். கடமையில் இருந்தவர்கள் ஒரு வைத்தியர், ஒரு தாதி, ஒரு சிற்றூழியர் மட்டுமே. மூவரும் உள்ளே இரத்தப்பெருக்கை நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்றவர்களுக்கு விபரம் சொல்ல எவரும் இல்லை. அரை மணி நேரம் கழிந்தது. “உள்ளே என்ன நடக்கிறது?” என்ற ஏக்கம், “உள்ளே ஒன்றும் நடக்கவில்லை” என்ற வதந்தியாக மாறியது. கதவு உடைந்தது. மறிக்க வந்த சிற்றூழியரின் முகத்தில் அடி விழுந்தது.

இளைஞன் பிழைத்துக்கொண்டான். ஆனால் சில வாரங்களில் அந்த வைத்தியர் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். புதியவர் வரும்வரை இரவில் அங்கு வைத்தியர் இல்லை. பிரசவ வலி கண்ட தாய்மாரும் பாம்பு கடித்த கமக்காரரும் நகரத்துக்கு ஓடவேண்டியதாயிற்று. வசதியுள்ளவர் வான் பிடித்தனர். இல்லாதவர் விடியும்வரை காத்திருந்தனர். அடி விழுந்தது ஒருவருக்கு. வலி முழுக் கிராமத்துக்கும்.

நாம் மறக்கக்கூடாத பாடம்

வைத்தியசாலைக்குள் வன்முறை புகுவது என்னவென்று எமது மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் வைத்தியர்கள், தாதியர், ஊழியர், நோயாளர் எனப் பலர் மாண்டனர். ஆண்டுதோறும் அவர்களை நினைவுகூருகின்றோம். ஆயுதம் தாங்கியவன் வைத்தியசாலையின் புனிதத்தை மதிக்கவேண்டும் என்று கேட்ட நாம், வெறுங்கையுடன் போகும்போது அதை மதிக்கின்றோமா?

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய நோயல்ல. சுகாதாரப் பணியாளரில் 8 முதல் 38 வீதமானோர் தமது பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு உள்ளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வசையும் மிரட்டலும் இக்கணக்கில் சேரவில்லை.

தனிமையும் இருளும்

2024 ஓகஸ்ட் 9ஆம் திகதி கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் வைத்தியசாலையில், நீண்ட கடமைக்கிடையே கருத்தரங்கு மண்டபத்தில் ஓய்வெடுத்த பயிற்சி வைத்தியரான பெண் ஒருவர் வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். 2025 மார்ச் 10ஆம் திகதி இரவு அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில், கடமை முடித்துத் தங்குமிடம் திரும்பிய பெண் வைத்தியர் ஒருவர் கத்திமுனையில் பாலியல் வன்முறைக்கு உள்ளானார். இரண்டும் நோயாளியின் கட்டிலருகே நடந்தவை அல்ல. பணிசெய்து களைத்த பெண் ஓய்வை நாடிய இடத்தில் நடந்தவை. எனவே வாயிலில் ஒரு காவலாளியை நிறுத்துவதோடு கடமை முடிந்துவிடாது. உள்ளிருந்து பூட்டக்கூடிய ஓய்வறை, வெளிச்சமுள்ள நடைபாதை, கூப்பிட்டால் கேட்கும் அபாய மணி, இரவில் தனித்து நடக்கவிடாத ஒழுங்கு ஆகியவை வேண்டும்.

நோயாளியின் கண்ணீர்

இன்னொரு பக்கமும் உண்டு. பிரசவ அறையில் வேதனையால் கத்தும் தாயைப் பார்த்துக் கேலி பேசுவதும், வயோதிபரை அதட்டுவதும், எழுதப்படிக்கத் தெரியாதவரை ஏளனம் செய்வதும் வன்முறையே. பரிசோதனையின்போது பெண் நோயாளியின் அருகில் இன்னொரு பெண் இருக்கவேண்டும். 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி பாலியல் தொந்தரவு குற்றமாகும். அச்சட்டம் ஊழியரையும் நோயாளியையும் ஒருசேரக் காக்கின்றது. நோயாளி பயமின்றி முறையிட வழியில்லாத இடத்தில் கோபம் வெளியே சேர்ந்து, ஒருநாள் கதவை உடைக்கின்றது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, செய்தி சொல்ல ஒருவர். அவசர சிகிச்சைப் பிரிவில் அரை மணிக்கொரு தடவை உறவினரிடம், அவர்களது மொழியில் நிலைமையை விளக்க ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். முந்தி வந்தவருக்கல்ல, ஆபத்துக் கூடியவருக்கே முதலில் சிகிச்சை என்பதை வாசலில் பெரிதாக எழுதி வைக்கட்டும்.

இரண்டாவது, கூட்டத்தைக் குறைத்தல். நோயாளியுடன் ஒருவர் உள்ளே செல்ல, மற்றவர்கள் வெளியே நிற்கும் பழக்கத்தைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இளைஞர் கழகங்களும் தத்தமது ஊரில் வளர்க்கலாம். மது அருந்தியவரை வைத்தியசாலை வாசலில் வைத்திருக்காமல் வீட்டுக்கு அழைத்துச் செல்வது நண்பரின் கடமை.

மூன்றாவது, மறைக்காமை. சிறிய மிரட்டலும் பதிவேட்டில் எழுதப்படவேண்டும். பொலிஸ் முறைப்பாட்டை அடிபட்ட தாதியின் தலையில் சுமத்தாமல் நிருவாகமே செய்யவேண்டும். வைத்தியசாலைச் சொத்தைச் சேதப்படுத்துவது 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் மீதான குற்றங்கள் சட்டத்தின்கீழ் வரும் என்பதையும் மக்கள் அறியட்டும். ஊர்ப் பெரியவர்களும், குருக்களாகிய நாமும், “நம்ம பிள்ளைதானே, விட்டுவிடுங்கள்” என்று சமரசம் பேசப்போவதை நிறுத்துவோம். அந்தச் சமரசத்தில் அடிபட்டவரிடம் எவரும் கேட்பதில்லை.

சத்திரக்காரர்

நல்ல சமாரியன் உவமையில் நாம் எளிதில் மறந்துவிடும் ஒருவர் உண்டு. அவர்தான் சத்திரக்காரர். சமாரியன் காயப்பட்டவனை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடவில்லை. இரண்டு தெனாரியம் கொடுத்தான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். காயப்பட்டவனைப் போலவே, அவனைப் பராமரிப்பவரும் அவனுடைய பொறுப்பானார்.

1993 முதல் பெப்ரவரி 11ஆம் திகதியை உலக நோயாளர் தினமாகத் திருச்சபை அனுசரித்து வருகின்றது. அன்று பழங்களும் செபமாலைகளும் ஏந்தி விடுதிகளுக்குச் செல்கின்றோம், அது நல்லதே. அடுத்த முறை, இரவுக் கடமைக்கு வரும் தாதியிடமும் சிற்றூழியரிடமும் சற்று அமர்ந்து ஒரு கேள்வி கேட்போம்: “எந்த வழியால் நடக்க உங்களுக்குப் பயமாக இருக்கிறது?” அவர்கள் காட்டும் இடத்தில் ஒரு விளக்கைப் பொருத்தும் வேலையை அன்றே தொடங்குவோம்.