நம் கடிதத்தை யார் படிக்கலாம்? மின்னஞ்சல் சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன்

பள்ளி மின்னஞ்சலில் ஏற்கெனவே அனுப்பிய கடிதங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். கல்வி உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண்கள், சாதிச் சான்றிதழ் நகல்கள், ஆதார் எண்கள், மாற்றுத்திறன் மாணவர்களின் மருத்துவச் சான்றுகள் என ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும். இவை நம்முடையவை அல்ல. நம்மை நம்பிப் பெற்றோர் கொடுத்தவை. எனவே எந்த மின்னஞ்சல் சேவை பாதுகாப்பானது என்பது கணினி ஆசிரியருக்கு மட்டுமான கேள்வி அல்ல.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதை நடைமுறையில் காக்க, ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

1. நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

2004இல் ஜிமெயில் வந்தபோது, இலவசமாகக் கிடைத்த ஒரு ஜிபி இடம் அனைவரையும் வியக்க வைத்தது. கடிதங்களின் சொற்களைக் கணினி வழியே ஆராய்ந்து அதற்கேற்ற விளம்பரம் காட்டுவதே அன்றைய வருமான வழி. விளம்பரத்துக்காகக் கடிதங்களை ஆராய்வதை நிறுத்துவதாக 2017இல் கூகுள் அறிவித்தது. ஆனால் இலவசக் கணக்குகளில் விளம்பரங்கள் இன்றும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் மின்னஞ்சலில் விளம்பரம் இல்லை. நிறுவனங்கள் செலுத்தும் கட்டணமே அதன் வருமானம். யார் பணம் தருகிறார்களோ அவர்களுக்காகவே சேவை வடிவமைக்கப்படும் என்பதை நினைவில் கொள்ளலாம்.

2. பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது?

பெரும்பாலான சேவைகள் நம் கடிதங்களைக் குறியாக்கம் செய்தே அனுப்புகின்றன, சேமிக்கின்றன. வழியில் எவரும் எளிதில் படிக்க முடியாது. ஆனால் சாவி நிறுவனத்திடம் இருப்பதால், தேவைப்பட்டால் அந்த நிறுவனத்தால் திறக்க முடியும். ஜிமெயில், ஜோஹோ இரண்டும் பொதுவாக இந்த வகையே.

சாவியைப் பயனரிடமே விடும் சேவைகளும் உண்டு. செர்ன் ஆய்வகத்தில் சந்தித்துக்கொண்ட அறிவியலாளர்கள் 2014இல் தொடங்கிய சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில், ஜெர்மனியின் டூட்டா ஆகியவை இவ்வகை. இவற்றில் சேமித்திருக்கும் கடிதத்தை அந்த நிறுவனங்களாலேயே படிக்க இயலாது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. புரோட்டானிலிருந்து ஜிமெயிலுக்குச் சாதாரணமாக ஒரு கடிதம் அனுப்பினால், பெறுபவரின் நகல் ஜிமெயிலில்தான் இருக்கும். இருபுறமும் அதே சேவை இருந்தாலோ, கடவுச்சொல்லிட்டு அனுப்பினாலோதான் முழுப் பாதுகாப்பு. புரோட்டானில் கடிதத்தின் தலைப்பு இவ்வாறு பூட்டப்படுவதில்லை, டூட்டாவில் பூட்டப்படுகிறது. ஆகவே எந்தச் சேவையானாலும் தலைப்பு வரியில் மாணவர் பெயரையோ எண்ணையோ எழுதாமலிருப்பது நல்லது.

2021இல் சுவிஸ் அதிகாரிகளின் சட்டபூர்வ ஆணைப்படி, பிரான்ஸ் நாட்டுச் சூழலியல் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐ.பி. முகவரியைப் புரோட்டான் பதிவுசெய்து தர வேண்டியிருந்தது. கடிதங்களின் உள்ளடக்கத்தைத் தர அதனிடம் சாவி இல்லை. உள்ளடக்கம் மறைந்திருப்பது வேறு, நாம் யார் என்பது மறைந்திருப்பது வேறு.

3. விரும்பும்போது வெளியேற முடியுமா?

பழைய கடிதங்களை மொத்தமாகப் பதிவிறக்க வசதி உண்டா என்று பாருங்கள். கூகுளில் ‘டேக்அவுட்’ என்ற பெயரில் அது உள்ளது. சாவி நம்மிடம் இருக்கும் சேவையில் பொறுப்பும் நம்முடையதே: கடவுச்சொல்லை மறந்து, மீட்புக் குறியீட்டையும் தொலைத்தால் பழைய கடிதங்கள் திரும்பக் கிடைக்காது. டூட்டாவின் இலவசக் கணக்கை ஆறு மாதம் திறக்காவிட்டால் அது நீக்கப்படலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அலுவலகக் கடிதங்களுக்குத் துறை அறிந்த பள்ளி முகவரியையே பயன்படுத்த வேண்டும். அவற்றைச் சொந்தக் கணக்குக்கு மாற்றக் கூடாது. சொந்தக் கடிதங்களுக்கு, விளம்பரம் வேண்டாம் என்பவர்களுக்கு ஜோஹோ போதுமானது. நிறுவனமே படிக்கக் கூடாது என்பவர்கள் புரோட்டான் அல்லது டூட்டாவில் இலவசக் கணக்கு தொடங்கலாம். பழைய கணக்கை உடனே மூட வேண்டாம். வங்கி, ஆதார், காப்பீடு ஆகியவற்றில் முகவரியை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகு முடிவெடுக்கலாம்.

சேவையை மாற்றாவிட்டாலும் இந்த வாரமே செய்யக்கூடியவை சில:

• இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.
• பள்ளிக் கணக்கின் மீட்பு எண் யாருடையது என்று பாருங்கள். மாறுதலில் சென்ற தலைமையாசிரியரின் எண்ணே இன்னும் இருக்கலாம்.
• மாணவர் பட்டியலைக் கடவுச்சொல்லிட்ட கோப்பாக அனுப்பி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.
• கணினி மையத்தில் மின்னஞ்சலைத் திறந்தால் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். பதிவிறக்கிய கோப்பையும் அழித்துவிடுங்கள்.
• தேவை முடிந்த சான்றிதழ் நகல்களை ஆண்டு இறுதியில் நீக்குங்கள்.

மதிப்பெண் பதிவேட்டைப் பூட்டி வைக்கும் அதே கவனம் மின்னஞ்சலுக்கும் தேவை. அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். மின்னஞ்சலின் சாவி யாரிடம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.