தாயின் மாமரம் மகளுக்கும் வேண்டும்
வீட்டிலேயே ஒட்டுக்கன்று உருவாக்குவோம்

யாழ்ப்பாணத்து வளவு ஒன்றில் கிணறு எப்படியோ, மாமரமும் அப்படித்தான். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான், விலாட் என்று ஒவ்வொரு வளவுக்கும் ஒரு பெருமை உண்டு. எமது வழக்கில் வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்பிள்ளைக்கே போய்ச் சேர்கின்றன. எனவே வளவில் நிற்கும் மாமரமும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் சொத்துத்தான்.

அந்தச் சொத்து இன்று குறைந்து வருகிறது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்து, 1996இல் திரும்பி வந்தபோது பல வளவுகளில் மரங்கள் முறிந்தும் பட்டும் கிடந்தன. தப்பி நின்றவையும் காணி பங்கிடும்போதும் வீடு கட்டும்போதும் தறிக்கப்படுகின்றன.

மானிப்பாயில் நான் போய்வரும் வீடொன்றில் கணவனை இழந்த தாயொருவர் மகளுக்கு வீடு கட்ட அத்திவாரம் வெட்ட இருக்கிறார். வெட்டும் இடத்தில் அவருடைய தாயார் வைத்த கறுத்தக்கொழும்பான் நிற்கிறது. "மரம் போறது பரவாயில்லைப் பிள்ளை, இந்தப் பழத்தை இனி எங்கை காணப்போறன்?" என்று கேட்டார். இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. அதற்கு விடையும் இருக்கிறது. மரம் விழுமுன் அதிலிருந்து ஒரு சாண் கிளையை எடுத்து ஒட்டிவிட்டால் அதே மரம் வேறோர் இடத்தில் வளரும்.

கொட்டை போட்டால் போதாதா?

கொட்டையில் முளைக்கும் கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பூவில் வேறு மரத்தின் மகரந்தமும் சேர்வதால் பழத்தின் சுவை மாறக்கூடும். காய்க்கவும் ஆறு, ஏழு வருடங்கள் அல்லது அதற்கு மேலும் செல்லும். ஒட்டுக்கன்றோ மூன்று, நான்கு வருடங்களில் அதே பழத்தைத் தரும்.

இதற்கு நல்ல உதாரணம் கடைகளில் காணும் பச்சை அப்பிள். அப்பிளுக்கு நீண்ட குளிர்காலம் வேண்டும். எமது வெயிலில் அது சரிவராது. ஆனால் அதன் கதை எமக்குப் பாடம். அவுஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டி 1868ஆம் ஆண்டளவில் தனது தோட்டத்தில் தானாக முளைத்த ஓர் அப்பிள் மரத்தைக் கவனித்துப் பேணினார். 1870இல் அவர் காலமானார். அந்த ஒரு மரத்தின் கிளைகளை ஒட்டி ஒட்டியே உலகெங்கும் அந்த இனம் பரவியது. 'கிரானி ஸ்மித்' என்று அதற்குப் பெயர். எமது பேச்சில் 'ஸ்மித் ஆச்சி'. ஓர் ஆச்சியின் வளவு மரம் அவருக்குப் பின்னும் வாழ்கிறது.

செய்யும் முறை

1. பழம் சாப்பிட்ட கொட்டையைக் காயவிடாமல் ஓரிரு வாரத்துக்குள் போட வேண்டும். மேலோட்டை நீக்கிப் பருப்பை எடுத்தால் விரைவில் முளைக்கும். மேல்மண், மணல், உக்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து பொலித்தீன் பைகளில் நிரப்புங்கள். பையின் அடியில் துளைகள் இருக்கட்டும். ஊர்ப் புளிமாங்கொட்டையே போதும், இதுதான் ஒட்டுக்கட்டை.

2. ஆனியில் போட்ட கொட்டை புரட்டாதி, ஐப்பசியளவில் பென்சில் பருமனுக்கு வந்துவிடும். மரத்தைத் தறிக்க அவசரமென்றால் மரத்தடியில் தானாக முளைத்த கன்றைப் பையில் வைத்து, அது வேர்பிடித்துத் தேறியபின் பயன்படுத்தலாம்.

3. தாய்மரத்தில் பூக்காத, நோயில்லாத, மூன்று நான்கு மாதம் முற்றிய நுனிக்கிளையைத் தெரிவு செய்யுங்கள். அதுவும் பென்சில் பருமனாக இருக்க வேண்டும். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பு காம்பு மிஞ்சும்படி இலைகளை நறுக்கிவிட்டால் மொட்டுகள் பருக்கும்.

4. கன்றை ஒரு சாண் உயரத்தில் வெட்டி, நடுவே ஒன்றரை அங்குலம் பிளந்துகொள்ளுங்கள். கிளையின் அடியை இருபுறமும் சீவி ஆப்புப்போல் ஆக்கிப் பிளவில் செருகுங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் உள்ள மெல்லிய பச்சைப் படை ஒரு பக்கத்திலாவது ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அந்தப் படைதான் வளர்ந்து இரண்டையும் இணைக்கிறது. பிளேட் புதிதாக இருக்கட்டும். வெட்டிய முகத்தில் விரல் படக்கூடாது.

5. பொலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, தண்ணீர் புகாதபடி கிளையை ஒடுங்கிய பொலித்தீன் பையால் மூடி, நிழலில் வையுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் துளிர் வரும்; அப்போது மூடிய பையை எடுத்துவிடலாம். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் புளிமாதான் வளரும்.

6. அடுத்த ஐப்பசி மழையோடு நிலத்தில் நடலாம். கட்டிய நாடாவை நடுமுன் வெட்டிவிடுங்கள். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். முதலிரண்டு வருடம் பூத்தாலும் பூவைக் கிள்ளிவிட்டால் மரம் தேறும்.

கைத்தொழிலாகவும் செய்யலாம்

முதல் தடவை சில கன்றுகள் பட்டுப்போகும். ஒன்றை மட்டும் நம்பாமல் பத்து ஒட்டுங்கள். மருதாணி மரத்தடியோ கொட்டில் நிழலோ போதும். பெரிய முதல் தேவையில்லை. பிள்ளைகளை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்களுக்கு இது ஏற்ற சுயதொழில். எறியும் கொட்டைக்கு விலையில்லை, ஒட்டுக்கன்றுக்கு விலை உண்டு. ஆனால் எந்த இனம், எந்த மரத்துக் கிளை என்பதை ஒவ்வொரு பையிலும் எழுதி வையுங்கள். பெயர் மாறிய கன்றை வாங்கியவர் அதை அறிய நான்கு வருடமாகும். அதன்பின் உங்களிடம் யாரும் வரமாட்டார்கள்.

கையைப் பழக்கிக்கொள்ள உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகப் பத்துப் பேராகச் சேர்ந்து கேட்டால் செய்முறை வகுப்பு ஒன்றை ஒழுங்கு செய்வதும் இலகு.

சகோதரிகளே, வளவில் மரம் தறிக்கும் பேச்சு எழுந்தால் நாள் குறிக்குமுன் கன்று இருக்கிறதா என்று பாருங்கள். தறித்த மரத்தின் கிளை ஓரிரு நாளில் வாடிவிடும். அதற்குப் பின் ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.