மின்னூல் யாருடையது? கைப்பேசியில் அம்பேத்கரை வாசிப்பவர்களுக்குச் சில சட்டக் குறிப்புகள்

பட்டாபிராமில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடும் வாசிப்பு வட்டத்திற்கு அச்சு நூலோடு வருபவர்கள் ஓரிருவர்தாம். இந்துக் கல்லூரி நிலையத்தில் ஏறி இறங்கும் மாணவர்களும், ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் வேலைக்குச் செல்லும் இளைஞர்களும் கைப்பேசியோடுதான் வருகிறார்கள். அண்ணல் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ உரையை வாசிக்கத் தொடங்கிய நாளில், ஐந்து பேர் கையில் ஐந்து விதமான கோப்புகள் இருந்தன. ஒன்றில் பல பக்கங்கள் விடுபட்டிருந்தன. இன்னொன்றில் மொழிபெயர்த்தவர் பெயரே இல்லை. பணம் கொடுத்து மின்னூலை வாங்கியிருந்த மாணவி ஒருவரால் அதைத் தம் தோழிக்கு இரவல் தர இயலவில்லை. “நான் வாங்கிய புத்தகத்தை நான் ஏன் கொடுக்க முடியாது?” என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நூல் யார் கையில், என்ன விலையில் சேர்கிறது என்பது நமக்குப் புதிய கேள்வி அன்று. 1917இல் அம்பேத்கர் இலண்டனிலிருந்து தாயகம் திரும்பியபோது, அவருடைய நூல்களும் உடைமைகளும் தனிக் கப்பலில் வந்தன. அக்கப்பல் போரில் தாக்கப்பட்டு மூழ்கியது. இழப்பீடாகக் கிடைத்தது 600 ரூபாய். 1936இல் லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டைக் கைவிட்டதும், அங்கு ஆற்றவிருந்த ‘சாதி ஒழிப்பு’ உரையை அவரே 1,500 படிகள் அச்சிட்டு எட்டணா விலையில் வெளியிட்டார். காந்தியார் ‘அரிசன்’ இதழில் அதற்கு மறுப்பு எழுதியபோதே, விலையை இரண்டணாவாகவோ நான்கணாவாகவோ குறைக்கலாம் என்றும் குறிப்பிட்டார். இன்று அந்த உரை ஒரு காசும் இன்றிக் கிடைக்கிறது. ஆனால் எந்தப் படி, எந்த உரிமையோடு கிடைக்கிறது என்பதை அறிந்தால்தான் அதன் முழுப் பயன் நம்மை வந்தடையும்.

வாங்கியது நூலா, உரிமமா?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, படிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமையைப் பதிப்புரிமையாளருக்கு அளிக்கிறது. ஆனால் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட படிகளை அது விலக்கிவிடுகிறது. ஆகவே அச்சு நூலை வாங்கியவர் அதை இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், படிப்பகத்துக்கு அளிக்கலாம். மின்னூல் கடைகள் பெரும்பாலும் விற்பது நூலையன்று, வாசிக்கும் உரிமத்தை. ‘வாங்குக’ என்ற பொத்தானுக்குப் பின்னே இருக்கும் ஒப்பந்தத்தில் இது எழுதப்பட்டிருக்கும்.

இதன் விளைவை உலகம் 2009 சூலையில் கண்டது. ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை விற்றவருக்கு அதற்கான உரிமை இல்லை எனத் தெரிந்ததும், அமேசான் அந்நூலை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே நீக்கியது. வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அந்நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. கிண்டில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மின்தாள் திரை கண்ணுக்கு இதமானது. பக்கம் மாறும்போதுதான் மின்சாரத்தைச் செலவிடுவதால் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் உழைக்கும். ஆனால் பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கருவியை வாங்கி, அதன்பின் ஒவ்வொரு நூலுக்கும் உரிமக் கட்டணம் செலுத்துவது மட்டுமே மின்வாசிப்பு ஆகாது. உரிமமே தேவைப்படாத பெருஞ்செல்வம் ஒன்று நம் முன் இருக்கிறது.

எவை நம் அனைவருக்கும் பொது?

சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். அம்பேத்கர் மறைந்தது 1956 திசம்பர் 6. எனவே அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2017 சனவரி 1 முதல் பொதுவுடைமை. ‘சாதி ஒழிப்பு’, ‘சூத்திரர்கள் யார்?’, ‘தீண்டப்படாதார் யார்?’ ஆகியவற்றின் ஆங்கில மூலத்தை எவரும் படியெடுக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மின்னூலாக்கலாம்.

இங்கே பலர் கவனியாத நுட்பம் ஒன்றுண்டு. எழுத்தாளர் மறைந்தபின் முதன்முதலில் வெளியான நூலுக்கு 24ஆம் பிரிவு பொருந்தும். அதற்கு 60 ஆண்டுகள் வெளியீட்டிலிருந்து கணக்கிடப்படும். 1957இல் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ 2018 முதல் பொதுவுடைமை. ஆனால் மகாராட்டிர அரசு 1987இல் வெளியிட்ட ‘இந்து மதத்தில் புதிர்கள்’ 2047 முடியும்வரை பதிப்புரிமைக்கு உட்பட்டது. மகாராட்டிர அரசின் ஆங்கிலத் தொகுதிகளை ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் எவரும் வாசிக்கலாம். எனினும் வாசிப்பதற்குத் திறந்திருப்பது வேறு, மறுபதிப்புக்குத் திறந்திருப்பது வேறு.

1914இல் மறைந்த அயோத்திதாசப் பண்டிதர் ‘தமிழன்’ இதழில் எழுதியவையும், 1945இல் மறைந்த இரட்டைமலை சீனிவாசனின் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலும் பொதுவுடைமையே. ஆனால் பிற்காலத் தொகுப்பாசிரியர்கள் எழுதிய முன்னுரைக்கும் குறிப்புகளுக்கும் தனிப் பதிப்புரிமை உண்டு. மொழிபெயர்ப்புக்கும் அவ்வாறே. அம்பேத்கரின் ஆங்கிலம் பொதுவாகிவிட்டது என்பதால் அதன் தமிழாக்கமும் பொதுவாகிவிடாது.

எதைப் பகிரலாகாது?

நம் குழுக்களில் அன்றாடம் சுற்றும் பி.டி.எஃப். கோப்புகளில் பெரும்பங்கு, இன்று வாழும் தலித் எழுத்தாளர்களின் நூல்கள். சிறு பதிப்பகம் ஒன்று கடன் வாங்கிச் சில நூறு படிகள் அச்சிடுகிறது. நூல் வந்த மாதத்திலேயே அதன் கோப்பு ஊரெங்கும் சுற்றத் தொடங்கினால், அடுத்த நூல் வெளிவராது. இது சட்டமீறல் என்பதோடு, நம் உழைப்பை நாமே சுரண்டுவதும் ஆகும். உழைப்புக்கு உரிய கூலி கேட்கும் இயக்கம், எழுத்துக்கு உரிய கூலியை மறுக்கலாகாது.

அதேசமயம் சட்டம் மாணவருக்குச் சில கதவுகளைத் திறந்தே வைத்திருக்கிறது. தனிப்பட்ட வாசிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக நகலகத்தின் மீது பெரும் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பது உரிமை மீறலன்று என டெல்லி உயர்நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. அச்செழுத்தை வாசிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்காக நூல்களை அணுகத்தக்க வடிவில் மாற்றலாம் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அவர்களுக்கான ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் மின்னூலகம் 2016 முதல் இயங்குகிறது. நம் வட்டங்களில் உள்ள பார்வையற்ற தோழர்களுக்கு இதைச் சொல்வோம்.

கையிலிருக்கும் கருவியே போதும்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம், ஈழத்தின் நூலகம் நிறுவனம் ஆகியவை கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. இறக்குமுன் கோப்பின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ஒளிவருடிய பி.டி.எஃப். என்பது பக்கத்தின் நிழற்படம். சிறு திரையில் எழுத்து எறும்பாகத் தெரியும், சொல்லைத் தேடவும் இயலாது. இபப் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருப்பதால், அளவைக் கூட்டினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கும். அதை இயந்திரக் குரலில் வாசிக்கச் செய்து, எழுத்தறியாத நம் பெற்றோரும் கேட்கலாம். கிண்டிலும் மின்னஞ்சல் வழியாக இபப் கோப்புகளை ஏற்கிறது.

நிழற்படமாக மட்டுமே கிடைக்கும் பொதுவுடைமை நூலை, கூகுள் டிரைவின் எழுத்துணரி ஓரளவு ஒருங்குறித் தமிழாக்கித் தரும். பிழை திருத்துவது மனிதர் வேலை. பத்து மாணவர்கள் ஆளுக்குப் பத்துப் பக்கம் திருத்தினால் நூறு பக்க நூல் ஒன்று எல்லோருக்கும் பயன்படும். கோப்புகளை அடுக்கவும் வடிவம் மாற்றவும் ‘காலிபர்’ என்னும் கட்டற்ற மென்பொருள் உதவும். இபப் கோப்பில் பக்க எண் கருவிக்குக் கருவி மாறும் என்பதால், கூட்டு வாசிப்பில் இயல் எண்ணைக் குறிப்பிடுவது நல்லது.

செயற்பாட்டாளரின் கைப்பேசியில் இருந்தே ஆக வேண்டிய நூல் ஒன்றுண்டு. அது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் 1995ஆம் ஆண்டு விதிகளும். வாய்மொழிப் புகாரை எழுதியபின் கையொப்பம் பெறுமுன் படித்துக் காட்டுவதும், அதன் நகலைப் புகார் அளித்தவருக்கு உடனே தருவதும் பொது ஊழியரின் கடமை என்கிறது 4ஆம் பிரிவு. காவல் நிலையத்தில் இணையத் தொடர்பு கிடைக்காத நேரத்திலும் அப்பக்கத்தைத் திறந்து காட்ட முடிய வேண்டும். ஒன்றிய அரசின் ‘இந்தியா கோட்’ தளத்திலிருந்து இறக்கிக் கருவியிலேயே சேமித்து வைப்பீர். உச்சநீதிமன்றத் தீர்ப்புகளும் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அந்த மாணவியின் கேள்விக்கு எங்கள் வட்டம் கண்ட விடை எளியது. ‘சாதி ஒழிப்பு’ உரையின் ஆங்கில மூலத்தை முழுமையான இபப் கோப்பாக்கி எல்லோருக்கும் அளித்தோம். தமிழாக்கத்தை ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு இரண்டு அச்சுப் படிகளாக வாங்கினோம். அவை இப்போது கைமாறிக்கொண்டிருக்கின்றன. இனி எங்கள் கோப்புறையில் சேரும் எந்த நூலின் பெயரோடும் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு ஆகிய நான்கும் எழுதப்பட வேண்டும் என முடிவு செய்திருக்கிறோம். பெயரை அழித்துவிட்டு உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்வது எத்தகைய அநீதி என்பதை நமக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.